இரண்டாம் பக்கம்

ஜெபச் சீட்டு எழுதும்போது நாலு காரியம் விட்டுப்போகக் கூடாது என்று உபதேசியார் லீலாபாய்க்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். ஆளின் பெயர், வீட்டுப்பெயர், ஊர், என்ன வேண்டும் என்பது. பாறசாலைக்குக் கிழக்கே இருந்த அந்தச் சின்ன சர்ச்சில் மூன்று சத்தியபாய்கள் உண்டு. எந்தச் சத்தியபாய்க்குக் காய்ச்சல் என்று ஆண்டவருக்குத் தெரியும். ஆனால் முட்டுப்போட்டு இருக்கிற நூறு பேருக்கும் தெரிய வேண்டாமா? அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும், எழுதத் தெரியாதவர்கள் வந்து சொல்லச் சொல்ல, லீலாபாய் காகிதத்தின் முன்னும் பின்னும் நெருக்கி எழுதி, கடைசி வரியில் வீட்டுப்பெயரும் ஊரும் போட்டு மடித்துக் கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் அதை எல்லோர் முன்னும் வாசிப்பார். பத்து வருஷமாக அதைச் செய்துவந்த கை அவளுடையது.

அந்த சர்ச்சில் இன்னொரு வழக்கமும் இருந்தது. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேடவேண்டாம். சீட்டைக் கொடுத்துவிட்டு, ஐயோ இது நாலு பேர் கேட்கக் கூடாதே என்று மனம் மாறினவள், தன் சீட்டை வாசிக்கத் தொடங்கியதும் இடத்திலேயே எழுந்து, வாசிக்கிறவருக்கு முதுகைக் காட்டி நிற்பாள். உபதேசியார் அந்த இடத்தோடு நிறுத்தி, சீட்டை மடித்து, “அறிகிறவர் அறிவார்” என்று சொல்லிவிட்டு அடுத்ததை எடுப்பார். என்ன, ஏது என்று பிற்பாடு யாரும் அவளைக் கேட்கக் கூடாது.

தமிழ் பேசுகிற தாலுக்காக்கள் திருவனந்தபுரத்தை விட்டு மதராசோடு சேர வேண்டும் என்று ஊர் ஊராக ஊர்வலம் போன காலம் அது. ஆடி மாதம் புதுக்கடையில் போலீஸ் கூட்டத்தைச் சுட்டு வெடிவைப்பு நடத்தியபோது லீலாபாயின் கணவன் சுந்தரதாஸ் கூட்டத்தில் இருந்தான். தையல்காரன். ஒரு குண்டு அவன் இடது கெண்டைக்காலை உரசிக்கொண்டு போனது. அன்று ஓடினவன் வீட்டுக்கு வரவில்லை. மூன்றாம் நாள் போலீஸ் வந்தது. தையல் மெஷினைத் தூக்கிக் கிணற்றில் போட்டார்கள். மகன் எங்கே என்று கேட்டு, சுந்தரதாஸின் அப்பா ஈசாக்கின் வலது கையைப் படிக்கல்லில் வைத்துத் துப்பாக்கிக் கட்டையால் இடித்தார்கள். மூன்று விரல் ஒடிந்தது. கிழவர் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது.

லீலாபாய்க்குத் தெரியும். கள்ளிக்காட்டில் நெய்யாற்றின் குறுக்கே அணை கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து கல் உடைத்தார்கள். யாரும் யாரையும் பெயர் கேட்பதில்லை. அங்கே வேலாயுதன் என்ற கல்வேலைக்காரனின் வீட்டுப் பின்னறையில் சுந்தரதாஸ் படுத்திருந்தான். புண் பழுத்துக்கொண்டிருந்தது. அவனைப் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு மாமாவின் கையைப் பார்த்தால் போதும். வேலாயுதனையும் விடமாட்டார்கள்.

எலியா வக்கீல் சட்டசபையில் எதிர்க்கட்சி வரிசையில் இருந்த மெம்பர். அரிசி ரேஷனானாலும் சரி, பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பை மூடியதானாலும் சரி, கையில் ஒரு காகிதம் இல்லாமல் எழுந்திருக்க மாட்டார். “எலியா பேசினா தெளிவும் ஆதாரமும் உண்டும்” என்று எதிராளிகளே சொல்வார்கள். பேசின வார்த்தை ஒன்றையும் அதுவரை அவர் திரும்ப வாங்கியதில்லை. அதை வைத்துத்தான் அவருக்கு அந்தச் சட்டசபையில் ஒரு மதிப்பு இருந்தது. வீடுகளில் போலீஸ் செய்ததை எழுதித் தாருங்கள், சபையில் கேட்கிறேன் என்று அவர் சொல்லியனுப்பியிருந்தார். சைக்கிள் கடை வைத்திருந்த கிருஷ்ணன்குட்டி எழுத்துகளைச் சேர்த்தான். லீலாபாயும் ஒரு தாளில் எழுதி ஒட்டிக் கொடுத்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கிருஷ்ணன்குட்டி முற்றத்தில் சைக்கிளைச் சாய்த்தான்.

“பிள்ளே லீலா, உனக்க எழுத்து நாளைக்குத் திருவனந்தபுரத்தில கேக்கும்.”

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். “எனக்கதா?”

“எண்பது எழுத்து வந்துது. வக்கீல் நாலெண்ணம் எடுத்தாரு. மூணெண்ணத்துக்குக் காரியம் மட்டும் சொல்லுவாராம். உனக்கதை அப்படியே வாசிப்பாராக்கும். ஒரு எழுத்து விடாம.”

“முழுசுமா அண்ணா?”

“பின்ன பாதியா? அது என்ன மரச்சீனிக் கிழங்கா, ஒடிச்சுக் குடுக்க?”

லீலாபாய் சிரிக்கவில்லை. அவள் கண்முன்னால் அந்தத் தாள் வந்து நின்றது. முன்பக்கம் மெஷின், கிணறு, மாமாவின் விரல். பின்பக்கம்? கடைசியில் என்ன வேண்டும் என்று எழுத வேண்டும் அல்லவா. எழுதியிருந்தாள். என் புருஷன் சுந்தரதாசுக்குக் காலில் புண் பழுத்திருக்கிறது, ஒரு டாக்டர் வேண்டும். அதற்குக் கீழே, கை தன்பாட்டில் எழுதிய வரி: வேலாயுதன், குன்னுவிளை வீடு, கள்ளிக்காடு.

“அவரு தாளைத் திருப்பிப் பாத்தாரா அண்ணா? பின்பக்கம்?”

“எனக்க கடையில நின்னுதான் வாசிச்சாரு. உனக்க மாமாவுக்க விரலு வந்த இடத்தில கண்ணாடியைக் கழற்றித் துடைச்சாரு. அப்படியே மடக்கிக் கோட்டுப்பையில வச்சாரு. திருப்பினதை நான் பாக்கல்ல. ஏன், பின்னால பாட்டு வல்லதும் எழுதி வச்சியா?”

“ஒண்ணும் இல்ல.”

கிருஷ்ணன்குட்டி நல்லவன். அடிபட்ட எத்தனையோ பேரைச் சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன். ஆனால் அவன் காதில் விழுந்த காரியம் விளக்கு வைப்பதற்குள் பனச்சமூட்டுச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அவனிடம் சொல்ல முடியாது. பிற்பாடு வக்கீல் திருப்பிப் பார்த்திருக்கலாம். பார்த்திருந்தால் பயமில்லை, படித்த மனிதர், விட்டுவிடுவார். எண்பது எழுத்துக்கு நடுவில் பார்க்காமல் இருந்தால்?

“நான் போய்க் கேக்கணும் அண்ணா. உள்ள விடுவாங்களா?”

கிருஷ்ணன்குட்டிக்குச் சந்தோஷம் பொங்கியது. “நீ போணும் பிள்ளே. உனக்க எழுத்துல்லா. இந்தா, வக்கீல் ஒப்பிட்ட பாஸ் எனக்கு ஒண்ணு உண்டு. நான் இன்னொரு நாள் போறேன். வந்து எல்லாம் எனக்குச் சொல்லணும், கேட்டியா? ஆரு கைதட்டினது, மந்திரிக்க மூஞ்சி எப்படிப் போச்சு, எல்லாம்.”

காலையில் நாகர்கோவிலிலிருந்து வந்த முதல் பஸ்ஸில் நிற்க இடமில்லை. அடுத்ததில் ஏறினாள். நெய்யாற்றின்கரையில் பஸ்ஸை நிறுத்திப் போலீஸ்காரர் ஒருவர் உள்ளே வந்தார். தமிழ் முகமா மலையாள முகமா என்று பார்ப்பதுபோல் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

“எவிடேக்கா?”

“ஆசுபத்திரிக்கு,” என்றாள் லீலாபாய். வாய் உலர்ந்திருந்தது. சுகமில்லாதவள் போலவே இருந்திருப்பாள். அவர் மேலே கேட்கவில்லை. ஆனால் பின் சீட்டில் ஒரு ஆளின் மூட்டையை அவிழ்த்து, அதில் கறிவேப்பிலைக் கன்று நான்கைத் தவிர வேறொன்றும் இல்லை என்று உறுதிப்படுத்துவதற்கு அரைமணி நேரம் போனது. அதியன்னூர் தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. பஸ் நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் அவள் மடியிலிருந்த பாஸைத் தொட்டுப் பார்த்தாள்.

சட்டசபைக் கட்டடத்தை அடைந்தபோது வக்கீல் உள்ளே போய்விட்டிருந்தார். மாடிப்படியின் கீழே ஒரு மேசை, ஒரு நோட்டு, வெள்ளை உடுப்பும் சிவப்புக் கச்சையுமாக ஒரு காவலர். பெயரை எழுதச் சொன்னார். லீலாபாய் பெயரை எழுதினாள். எழுதின கை நிற்காமல் வீட்டுப்பெயரின் முதல் எழுத்தையும் போட்டுவிட்டது. அதைப் பார்த்ததும் கோடு போட்டு அடித்தாள். பேனாவைக் கீழே வைத்தாள்.

“எலியா வக்கீலுக்கு ஒரு சீட்டுக் குடுக்கணும் ஐயா. அவசரம்.”

“சபை கூடியாச்சு. இனி மத்தியான ஊணு சமயத்தில்தான் கொடுக்க முடியும்.”

“அவரு எப்ப பேசுவாரு?”

காவலர் மாடியைக் காட்டினார். “இப்போ. சத்தம் போடக் கூடாது, கை காட்டக் கூடாது. செய்தால் இறக்கி விடுவோம்.”

மேலே பார்வையாளர் மாடத்தில் பெண்களுக்குத் தனியாக இரண்டு பெஞ்சு. முன் பெஞ்சில் கசவுப் புடவை கட்டிய ஒரு அம்மா விசிறிக்கொண்டிருந்தாள். அம்மிணி என்று பெயர். ஆளும்கட்சி மெம்பர் ஒருவருக்கு அத்தைமுறை. இதெல்லாம் லீலாபாய் கேளாமலே அந்த அம்மாவே சொன்னாள்.

“பாறசாலயா? ஓ, கொஞ்சம் இடியும் அடியுமுள்ள இடம்,” என்றாள். பிறகு மனமிரங்கி, நகர்ந்து இடம் கொடுத்தாள். “இரிக்கு மோளே. நிங்ஙளுடே ஆள்தான் நிக்குது.”

கீழே எலியா வக்கீல் நின்றுகொண்டிருந்தார். கறுப்புக் கோட்டு, நரைத்த தலை. தாலுக்கா தாலுக்காவாகக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: இத்தனை பேர் தமிழ் பேசுகிறார்கள், இத்தனை பள்ளிக்கூடத்தில் தமிழ் இல்லை, இத்தனை பேர் லாக்கப்பில் இருக்கிறார்கள். எதிர்வரிசையிலிருந்து ஒருவர், “மதராசுக்கு பஸ் உண்டல்லோ, போய்க்கூடே” என்றார். சபை சிரித்தது. வக்கீல் அவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

“போகலாம். ஆனால் நிலத்தை மடித்து மூட்டையில் வைத்துக்கொண்டு போக முடியாதே, அதற்குத்தான் இந்தச் சபைக்கு வந்தேன்,” என்றார். இப்போது அவருடைய பக்கம் சிரித்தது.

பிறகு கோட்டுப்பையில் கைவிட்டார். லீலாபாய்க்கு அந்தத் தாள் அங்கிருந்தே தெரிந்தது. சர்ச்சில் சீட்டு எழுதுகிற பழுப்புத் தாள்.

“போலீஸ் ஒரு வீட்டிலும் கை வைக்கவில்லை என்று மந்திரி நேற்றுச் சொன்னார். ஒரு வீட்டிலிருந்து வந்த எழுத்தை முழுதுமாக வாசிக்கிறேன். தீர விசாரிக்க ஒரு நீதிபதியைப் போடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.”

வாசித்தார். அவள் எழுதியதுதான், ஆனால் அந்தக் குரலில் அது வேறாக இருந்தது. மெஷின் கிணற்றில் விழுந்த சத்தம் சபையில் கேட்டது. படிக்கல் வந்தபோது சிரிப்பு நின்றிருந்தது. அம்மிணியின் விசிறியும் நின்றது. “ஈஸ்வரா, கிழவன்ற விரலோ?” என்று முணுமுணுத்தாள். விசாரணை வரப்போகிறது என்று லீலாபாய்க்கே ஒரு கணம் தோன்றியது. ஒடித்தவனை யாரோ ஒருவர் கூப்பிட்டு ஏன் ஒடித்தாய் என்று கேட்கப் போகிறார்கள்.

முன்பக்கத்தில் இன்னும் நாலு வரிதான் இருந்தது. அவளுக்கு வரிகள் மனப்பாடம். மூன்று வரி. வக்கீலின் பெருவிரல் தாளின் ஓரத்துக்குப் போனது, திருப்புவதற்கு. அப்போது தெரிந்தது: அவர் பின்பக்கத்தைப் பார்த்திருக்கவில்லை. பார்த்தவர் திருப்பமாட்டார்.

கூப்பிடலாம். கூப்பிட்டால் ஏன் கூப்பிட்டாய் என்று கேட்பார்கள். லீலாபாய் எழுந்தாள். எழுந்து, சபைக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்றாள்.

சுவரில் ஒரு பல்லி இருந்தது. அதை மட்டும்தான் அவள் பார்த்தாள். பின்னால் குரல் வாசித்துக்கொண்டே இருந்தது. “...இனி எங்களுக்கு வேண்டியது என்னவென்றால்...” தாள் திரும்பும் சரசரப்பு கேட்டதா, கேட்டதுபோல் இருந்ததா, தெரியவில்லை. அம்மிணி அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். “இரிக்கு மோளே, இவிடே அங்ஙன நிக்கான் பாடில்லா.” காவலரின் செருப்பு மாடிப்படியில் ஏறிவருவது கேட்டது. “என் புருஷன் சுந்தரதாசுக்கு...”

குரல் நின்றது.

பிறகு, கோர்ட்டுக் குரல் இல்லாமல், ஏதோ சின்ன வயதுக் குரலில் வக்கீல் சொன்னார்: “அறிகிறவர் அறிவார்.”

சபை ஒரு கணம் விழித்தது. பிறகு சிரித்தது. அந்தச் சிரிப்பு முடிவதற்குள் காவலர் வந்து லீலாபாயின் தோளருகே நின்று, உட்கார் என்று கண்ணால் காட்டினார். அவள் உட்கார்ந்தாள். எலியா வக்கீலின் கையில் தாள் நாலாக மடிந்திருந்தது.

ஆனால் மந்திரி எழுந்துவிட்டார்.

“முழுதும் வாசிக்கிறேன் என்றாரே? பாக்கி எவிடே? ஆ கத்து, ஆ எழுத்து, மேசப்புறத்து வைக்கணும் சார்.”

இது அவள் அறியாத வழக்கம். சபையில் ஒருவர் ஒரு காகிதத்தை எடுத்து வாசித்தால், கேட்டபோது அதை நடுவிலிருக்கும் மேசைமேல் வைக்க வேண்டும். மேசைமேல் வைத்ததை யாரும் எடுத்துப் பார்க்கலாம். மந்திரி பார்க்கலாம், மந்திரி கேட்டால் போலீஸ் பார்க்கலாம். முன்பக்கத்தை மட்டும் வைக்க முடியாது. ஒரே தாள்.

சபாநாயகர் கண்ணாடியைச் சரிசெய்தார். “மெம்பர் அதை மேசைமேல் வைக்கிறாரா?”

“முடியாது.”

“எழுதியவர் பெயரை மறைக்கவா?”

“காரணம் சொல்ல முடியாது.”

“கள்ளக் கத்து,” என்று ஒரு குரல் வந்தது. “வக்கீல் வீட்டில் இருந்து எழுதினது,” என்றது இன்னொன்று. எலியா வக்கீலின் பக்கத்து இருக்கைக்காரர் அவர் கோட்டைப் பிடித்து இழுத்து, வை, வை என்று சொல்வது மாடத்துக்கே கேட்டது.

“அப்படியானால் விதி தெரியுமே,” என்றார் சபாநாயகர். “வைக்க முடியாததை வாசிக்கவும் முடியாது. திரும்ப வாங்க வேண்டும்.”

வக்கீல் மடித்த தாளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். மாடத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் நாலு பேர் கண்ணும் கூடவே ஏறிவரும் என்று தெரிந்தவர்.

“திரும்ப வாங்குகிறேன்.”

“மெஷின் காரியம்?” என்றார் சபாநாயகர்.

“அதையும்.”

“கிழவரின் விரல்?”

கிழவர் அந்த நேரம் வீட்டில் இடது கையால் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பார்.

“எல்லாம்,” என்றார் எலியா வக்கீல்.

“நீக்கப்படுகிறது,” என்றார் சபாநாயகர். கீழே குனிந்து சபைக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த இரண்டு பேர் பக்கத்தைப் புரட்டிக் கோடு இழுத்தார்கள். அடுத்த மெம்பர் நெல்விலை பற்றிப் பேச எழுந்தார்.

ஊணு சமயத்தில் வராந்தாத் தூணருகே வக்கீல் அவளைக் கண்டுபிடித்தார். கூட வந்தவர்களைப் போகச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“நீ ஈசாக்குக்க மருமகளா மக்கா?”

அவள் தலையசைத்தாள்.

“எனக்க அப்பன் உபதேசியாராக்கும். இருபது வருஷம் நம்ம சர்ச்சில இந்தச் சீட்டை வாசிச்ச ஆளு. முதுகு தெரிஞ்சதும் எனக்க கை தானா மடக்கிச்சு. மடக்கும்போதுதான் அந்தக் கடைசி வரியில கண்ணு போச்சு.” தாளை அவள் கையில் வைத்து விரல்களை மூடினார். “திருப்பிப் பாக்காதது எனக்க குற்றம்.”

“வீட்டுப்பேரு எழுதினது எனக்க குற்றம், ஐயா.”

“இதை இப்பவே அடுப்பில போடு. வீட்டில போயி இல்ல. தோ, அந்தச் சாயக்கடை அடுப்பில.”

“மாமாவுக்க விரலு... அது நடக்கல்லேன்னு ஆயிப்போச்சா ஐயா?”

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். “இந்தச் சபைக் கணக்கில நடக்கல்ல,” என்றார். பிறகு, “கேட்டிருந்தியே, டாக்டரு. அணை வேலைக்காரருக்கு ஊசி போட வெள்ளிக்கிழமை தோறும் ஒருத்தர் போவாரு. எனக்கு வேண்டியவரு. நானே போயி வாயால சொல்லி அனுப்பறேன். கடலாசு, சீட்டு ஒண்ணும் வேண்டாம்.”

லீலாபாய் சாயக்கடைக்காரரிடம் ஒரு சாயா கேட்டு, அவர் திரும்பிய நேரம் பார்த்து, தாளை அடுப்புக்குள் தள்ளினாள். அது முழுவதும் கருகும்வரை நின்று பார்த்தாள். சாயாவை மறந்துவிட்டாள்.

மறுநாள் பத்திரிகையில் வந்தது: எதிர்க்கட்சி உறுப்பினர் ஆதாரமற்ற குற்றச்சாட்டை வாபஸ் வாங்கினார். அன்றிலிருந்து அவர் காகிதத்தை எடுத்தாலே, “மேசப்புறத்து, மேசப்புறத்து” என்று எதிர்வரிசை தட்டியது. நீதிபதி யாரும் வரவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது, போனது. சனிக்கிழமை ஜெபச் சீட்டு எழுத உட்கார்ந்தவளுக்கு நாய் குரைத்த போதெல்லாம் பேனா நின்றது. பொறுத்துக்கொள்ளுங்கள், அவள் பொறுத்துக்கொண்டதுபோல. செவ்வாய்க்கிழமைதான் வேலாயுதன் பனச்சமூட்டுச் சந்தையில் அவளைக் கடந்துபோகும்போது, நிற்காமலே சொன்னான்: “ஊசி போட்டாச்சு. வடிஞ்சிட்டு இருக்கு.”

திரும்பும் வழியில், ஒரு வாரமாக அவள் ஒதுங்கிப்போன கிருஷ்ணன்குட்டியின் சைக்கிள் கடையைத் தாண்ட வேண்டும். கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். பலகையில் ஒட்டியிருந்த எலியா வக்கீலின் படத்தின்மேல் யாரோ கிரீசைத் தடவியிருந்தார்கள்.

“பிள்ளே, நில்லு,” என்றான் கிருஷ்ணன்குட்டி. அவன் கண் கலங்கிச் சிவந்திருந்தது. கோபமா துக்கமா என்று சொல்ல முடியாது. “வீடுவீடாக் கேறி எண்பது எழுத்து வாங்கினவன் நான். இப்ப எனக்க முகத்தில ஆரும் முழிக்க மாட்டாங்க. உனக்க எழுத்தைக் கள்ளம்னு ஒத்துக்கிட்டாராமே. காசு வாங்கிட்டாருன்னு இவன் சொல்லுகான். பயந்துட்டாருன்னு அவன் சொல்லுகான். நீ அங்க இருந்த ஆளாக்கும். நீ சொல்லு. வக்கீல் என்னத்துக்கு மடக்கினாரு?”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஒரு ஆள் பம்ப் அடிப்பதையும் நிறுத்தினான். இரண்டு வார்த்தை போதும். அந்தப் படத்தின் கிரீசைக் கிருஷ்ணன்குட்டியே தன் வேட்டியால் துடைத்துவிடுவான். துடைத்த கையோடு சந்தைக்கும் ஓடுவான்.

சாலையில் நெய்யாற்றின்கரைப் பக்கமிருந்து ஒரு போலீஸ் வண்டி வந்து, மெதுவாகி, கடையைத் தாண்டிப் போனது. அது வளைவில் மறையும்வரை லீலாபாய் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நான் திரும்பி நின்னேன் அண்ணா,” என்றாள். “ஒண்ணும் பாக்கல்ல.”